எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி வரும்வரை காத்திருக்க வேண்டாம்: இன்றே செய்ய வேண்டியவை

"ஏனுங்க மேடம், கொரோனாவுக்கு ஒரே வருஷத்துல ஊசி வந்துடுச்சு. இதுக்கு மட்டும் ஏனுங்க இன்னும் வரல?"

நாமக்கல் வட்டாரத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில், அதாவது எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் இடத்தில், ஆலோசகராக இருக்கிறேன். லாரி ஓட்டுநர்கள், கோழிப்பண்ணைத் தொழிலாளர்கள், கல்யாணம் நிச்சயமான பையன்கள், முதல் மாதப் பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிகள் என எல்லோரும் எங்கள் மேசைக்கு எதிரில் உட்காருகிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. எனவே முதலில் இதற்குப் பதில்.

இந்த வைரஸ் உடலுக்குள் பெருகும்போதே உருவம் மாறிக்கொண்டே இருக்கிறது. தன் மேல்பரப்பைச் சர்க்கரை மூலக்கூறுகளால் மூடிக்கொள்கிறது. அதைவிட மோசம், எந்த அணுக்கள் அதை எதிர்க்க வேண்டுமோ அந்த சி.டி.4 அணுக்களின் மரபணுவுக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்கிறது. அம்மை வந்தவருக்கு உடலே அதை வென்று காட்டுகிறது. தடுப்பூசி அந்த வெற்றியைப் பார்த்து எழுதினால் போதும். எச்.ஐ.வி.யில் அப்படிப் பார்த்து எழுத ஒன்றும் இல்லை.

முயற்சிக்குக் குறைவில்லை. 2005-இல் புனேயிலும், 2006-இல் நம் சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்திலும் முதல் கட்டச் சோதனைகள் நடந்தன. ஆரோக்கியமான சாதாரண மனிதர்கள் தாங்களே முன்வந்து கை நீட்டி ஊசி போட்டுக்கொண்டார்கள். அவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. தாய்லாந்தில் 16,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற ஆய்வின் முடிவு 2009-இல் வந்தது. பாதுகாப்பு சுமார் 31 சதவீதம். அது போதாது. அதே பாதையில் தென்னாப்பிரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 2020-இல் நிறுத்தப்பட்டது. அமெரிக்கக் கண்டங்களிலும் ஐரோப்பாவிலும் நடந்த மொசைகோ என்ற தடுப்பூசி ஆய்வும் 2023-இல் நின்றது. இப்போது விஞ்ஞானிகள் வேறு வழியில் போகிறார்கள். பல வகை வைரஸ்களைத் தடுக்கக்கூடிய எதிர்ப்பொருளை உடல் படிப்படியாகக் கற்றுக்கொள்ளும்படி, ஒன்றன்பின் ஒன்றாக வேறு வேறு ஊசிகள் போடுவது அந்த முறை. அதன் முதல் படியை ஒரு சிறிய ஆய்வில் 36 பேருக்குக் கொடுத்தார்கள். 35 பேரின் உடல் எதிர்பார்த்தபடி பதில் தந்தது. நல்ல செய்திதான். ஆனால் அது முதல் படி.

சரி, அதுவரை என்ன செய்வது? இன்று கையில் இருப்பதைச் சேர்த்துப் பிடித்தால், ஒரு நல்ல தடுப்பூசி தரக்கூடிய பாதுகாப்புக்கு மிக அருகில் போகலாம். அவசர நிலையில் செய்ய வேண்டியதிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் தெரியாமல் போனால் அதிகம் இழப்பது அங்கேதான்.

ஆணுறை கிழிந்தால், ஊசி குத்தினால்: 72 மணி நேரம்

வைரஸ் உள்ளே போயிருக்கலாம் என்ற நிலையிலும் அது நிலைபெறாமல் தடுக்க மாத்திரை உண்டு. பி.இ.பி. என்பார்கள். 72 மணி நேரத்துக்குள், அதாவது மூன்று நாளுக்குள், தொடங்க வேண்டும். முடிந்தால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள். மூன்று நாள் இருக்கிறதே என்று நினைத்து நாளைக்குத் தள்ளாதீர்கள். ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

ஊசியோ பிளேடோ குத்தியிருந்தால் அந்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அழுத்திப் பிழிய வேண்டாம், விரலை வாயில் வைக்க வேண்டாம், டெட்டாலோ பிளீச்சிங் பவுடரோ வைத்துத் தேய்க்க வேண்டாம். கண்ணில் தெறித்திருந்தால் வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். அப்புறம் நேராக அரசு மருத்துவமனை. பகலில் என்றால் எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையம் அல்லது நம்பிக்கை மையம். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அவசர சிகிச்சைப் பிரிவு. "எச்.ஐ.வி. தொற்று ஏற்பட்டிருக்குமோ என்று சந்தேகம், பி.இ.பி. வேண்டும்" என்று நேரடியாகச் சொல்லுங்கள். சுற்றிவளைத்துச் சொன்னால் வேறு வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று மருத்துவர் கேட்பார். மாத்திரை வேண்டுமா என்று முடிவெடுக்கத்தான் அந்தக் கேள்வி. உண்மையைச் சொல்லுங்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் இந்த மருந்து உண்டு.

தினமும் ஒரு மாத்திரை, 28 நாள். நடுவில் விட்டால் பலன் போய்விடும். லாரியில் வெளிமாநிலம் போகிறவர்கள் முழு மருந்தையும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, வயிற்று எரிச்சலுக்கான மருந்து, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் இவற்றில் ஏதாவது சாப்பிடுகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த மருந்தோடு சேர்க்கும்போது நேரத்தையோ அளவையோ மாற்ற வேண்டியிருக்கும். ஆரம்பத்தில் குமட்டலும் தலைவலியும் வரலாம். அதற்காக நீங்களாக நிறுத்தாமல் வந்து சொல்லுங்கள். மருந்து தொடங்கும் நாளில் ஒரு பரிசோதனை, பிறகு 6 வாரம், 3 மாதம், 6 மாதத்தில் மறுபரிசோதனை. அந்தக் காலம் முடியும்வரை ஆணுறை இல்லாமல் உறவு வேண்டாம், ரத்ததானமும் வேண்டாம்.

தூய்மைப் பணியாளர்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குப்பைப் பையை அமுக்கும்போது உள்ளே கிடக்கும் ஊசி கையில் ஏறிவிடுகிறது. செவிலியருக்குக் குத்தினால் உடனே பதிவாகிறது, மருந்து வருகிறது. ஒப்பந்தத்தில் கூட்டிப் பெருக்கும் அக்காவுக்குக் குத்தினால், "கழுவிட்டு வேலையைப் பாரு" என்று மேற்பார்வையாளர் சொன்ன கதைகளை நான் கேட்டிருக்கிறேன். இது அநியாயம். அந்த அக்காவுக்கும் அதே மாத்திரை, அதே 72 மணி நேரம், அதே உரிமை. உங்கள் தெருவில் குப்பை எடுக்க வருகிறவரிடம் இதைச் சொல்லிவையுங்கள். வீட்டில் இன்சுலின் ஊசி போடுகிறவர்கள், பயன்படுத்திய ஊசியை மூடியுள்ள கெட்டியான டப்பாவில் போட்டுத் தனியாகக் கொடுங்கள்.

பரிசோதனை

நம்பிக்கை மையத்தில் இலவசம். உங்கள் சம்மதம் இல்லாமல் செய்ய மாட்டோம், முடிவை யாரிடமும் சொல்ல மாட்டோம். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் இதை உறுதி செய்கிறது. வேலையிலும் படிப்பிலும் பாகுபாடு காட்டுவதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது. நேரில் வரத் தயக்கமாக இருந்தால் 1097-க்குப் போன் செய்து பேசுங்கள். கட்டணம் கிடையாது.

தொற்று ஏற்பட்ட மறுநாள் சோதித்தால் ஒன்றும் தெரியாது. நாங்கள் செய்யும் விரைவுப் பரிசோதனை எதிர்ப்பொருளைத்தான் பார்க்கிறது. அது உருவாகச் சில வாரம் ஆகும். எனவே முதல் முடிவு 'இல்லை' என்று வந்தாலும், சந்தேகப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். முதல் பரிசோதனையில் 'இருக்கிறது' என்று காட்டினால் அதோடு முடிவு சொல்வதில்லை. வேறு வேறு வகையான மூன்று கிட்களில் பார்த்த பிறகே சொல்வோம்.

தனக்குத் தொற்று இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக ரத்ததானம் செய்யும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். தொற்று புதிதாக இருந்தால் ரத்த வங்கியின் பரிசோதனையிலும் தப்பிவிடலாம். அந்த ரத்தம் பிரசவத்தில் கிடக்கும் ஒரு பெண்ணுக்குப் போகும்.

ஆணுறை, மாத்திரை, ஆறு மாத ஊசி

ஆணுறை எங்களிடம் இலவசமாகவே கிடைக்கும். எங்கள் பகுதியில் அது கெட்டுப்போவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, லாரி கேபினில் டேஷ்போர்டு மேல் வெயிலில் வைப்பது. இன்னொன்று தேங்காய் எண்ணெய். எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் பலவீனமாகிக் கிழிந்துவிடும். வழவழப்பு வேண்டும் என்றால் தண்ணீர் கலந்து செய்த ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். தேதி பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டால் பாதுகாப்பு அதிகமாகாது, உரசிக் கிழியும்.

ஆணுறை எப்போதும் முடியாது என்கிறவர்களும், துணைக்குத் தொற்று இருக்கிறவர்களும் முன்கூட்டியே எடுக்கும் மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பிரெப் என்று பெயர். இதற்கான தேசிய வழிகாட்டுதலை தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நேகோ 2022-இல் வெளியிட்டது. தொடங்கும் முன் எச்.ஐ.வி. இல்லை என்று உறுதி செய்ய வேண்டும், சிறுநீரகத்தையும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி தொற்றையும் சோதிக்க வேண்டும். கடையில் நேரடியாக வாங்கித் தொடங்கும் மாத்திரை இல்லை இது. ஹெபடைடிஸ் பி இருக்கிறவர் இதைத் திடீரென நிறுத்தினால் கல்லீரல் மோசமாக வீங்கக்கூடும்.

லெனகாபவிர் என்ற ஊசியைப் பற்றியும் இப்போது கேட்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுவது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வில், அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. 2024-இல் அந்த முடிவைப் படித்தபோது என் கண் கலங்கியது உண்மை. 2025 ஜூனில் அமெரிக்கா அனுமதித்தது, அடுத்த மாதமே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆனால் இது தடுப்பூசி கிடையாது. உடலுக்கு எதிர்க்கக் கற்றுக்கொடுக்காது. மருந்து உடலில் இருக்கும்வரைதான் பாதுகாப்பு. ஆறு மாதம் ஆனதும் அடுத்த ஊசி தேவை, அதற்கு முன் பரிசோதனையும் தேவை.

தொற்று உள்ளவர் தவறாமல் ஏ.ஆர்.டி. மாத்திரை எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அது அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்று பரவாது. பெரிய ஆய்வுகளில் உறுதியான விஷயம் இது. கணவனுக்கோ மனைவிக்கோ தொற்று என்று தெரிந்து நொறுங்கி வரும் தம்பதிகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதத்திலேயே சோதித்துக்கொள்ளுங்கள், கணவரையும் அழைத்து வாருங்கள். சிகிச்சையை நேரத்தோடு தொடங்கிவிட்டால் தொற்று இல்லாத குழந்தையைப் பெற முடியும். பிறந்த குழந்தைக்கும் மருந்து உண்டு, 6 வாரத்தில் பரிசோதனை உண்டு.

கூடவே வரும் மற்ற நோய்கள்

சிபிலிஸ் புண் வலிக்காது. அதுதான் ஆபத்து. மெடிக்கலில் ஒரு களிம்பு வாங்கிப் போடுவார்கள், சில வாரத்தில் புண் தானாகவே ஆறிவிடும், களிம்பு வேலை செய்தது என்று நினைப்பார்கள். கிருமி உள்ளேயே இருக்கும். அந்தரங்க உறுப்பில் புண், வெள்ளைப்படுதல், சீழ், எரிச்சல் எது இருந்தாலும் பால்வினை நோய்ப் பிரிவுக்கு வாருங்கள். புண் இருக்கும்போது எச்.ஐ.வி. நுழைவதும் எளிது. ஆரம்பக் கட்ட சிபிலிசுக்கு ஒரு பென்சிலின் ஊசி பெரும்பாலும் போதும். துணையும் சேர்ந்து சிகிச்சை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வரும்.

ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது, பல வருடமாக இருக்கிறது. எச்.ஐ.வி.க்கு ஊசி கேட்கிறவர்கள் இதைப் போட்டுக்கொள்ளாமல் இருப்பது எனக்கு ஆதங்கம். தொற்றுள்ளவரின் ஊசி குத்தினால் எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி வரும் வாய்ப்பு நூற்றில் முப்பது வரை. இந்த வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும். மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். மருத்துவமனை ஊழியர்கள், தூய்மைப் பணியாளர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்களின் துணைவர்கள், ஓரினச்சேர்க்கையாளர்கள், திருநங்கைகள் எல்லோருக்கும் இது கட்டாயம் தேவை. எச்.ஐ.வி. உள்ளவர்களும் போட்டுக்கொள்ளலாம், அவர்களுக்கு அளவைக் கூட்டிப் போடுவதுண்டு. ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் பெரும்பாலானவர்களுக்குப் பன்னிரண்டு வார மாத்திரையில் குணமாகிவிடும்.

எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு அதிகம். அதனால் மூன்று விஷயம் சொல்வேன். இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியை மூன்று தவணையாகப் போடுங்கள். மற்ற சிறுமிகளுக்கு ஒன்றோ இரண்டோ போதும், உங்களுக்கு அப்படி இல்லை. நம் நாட்டிலேயே சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவாக் 2023-இல் வந்துவிட்டது. ஊசி போட்டாலும் கருப்பை வாய்ப் பரிசோதனையை 25 வயதிலிருந்தே தொடங்குங்கள். வெட்கப்பட்டு அதைத் தள்ளிப்போட்டு, முற்றிய பிறகு வந்த அக்காமார்களை எனக்குத் தெரியும். வீட்டில் மகள் இருந்தால், தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், 9 முதல் 14 வயதுக்குள் அவளுக்குப் போட்டுவிடுங்கள்.

எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை அதிகம் எடுப்பது காசநோய். இருமல், காய்ச்சல், எடை குறைவது, இரவில் வியர்ப்பது. நான்கில் ஒன்று இருந்தாலும் இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்காதீர்கள், அன்றே சளிப் பரிசோதனை கொடுங்கள். காசநோய் இல்லை என்று உறுதியானால், வராமல் தடுக்கும் மாத்திரையை ஏ.ஆர்.டி. மையத்திலேயே கேட்டு வாங்கலாம்.

கடைசியாக ஒன்று. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளை எச்.ஐ.வி. உள்ளவர்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த தட்டம்மை, சின்னம்மை ஊசிகள் மட்டும் சி.டி.4 எண்ணிக்கையைப் பார்த்த பிறகே. எச்.ஐ.வி. உறுதியான குழந்தைக்கு, காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி போடக் கூடாது. எனவே எந்த ஊசி போடப் போனாலும் ஏ.ஆர்.டி. புத்தகத்தைக் கையோடு எடுத்துப் போய் முதலில் காட்டுங்கள்.