மறதிநோயாளரைப் பார்த்துக்கொள்பவரின் வாசிப்பு: எங்கே தவறுகிறோம்?

டிமென்ஷியா என்னும் மறதிநோய் வந்தவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவருக்குப் புத்தகம் நல்ல துணை. இது வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சு அல்ல. வாசிப்பைச் சிகிச்சைக்குத் துணையாகக் கொள்ளும் முறைக்கு ‘பிப்ளியோதெரபி’ என்று அமெரிக்கரான சாமுவேல் குரோதர்ஸ் 1916ஆம் ஆண்டிலேயே பெயர் வைத்துவிட்டார். இங்கிலாந்துப் பொது நூலகங்களில் 2015 முதல் மறதிநோய்க்கென்றே தேர்ந்தெடுத்த நூல் வரிசை இருக்கிறது; அதில் பராமரிப்பவர்களுக்கான நூல்களும் உண்டு. நம் குமரி மாவட்டத்து வீடுகளில் இந்த வாசிப்பு பெரும்பாலும் வழிகாட்ட ஆளில்லாமல், கையில் கிடைத்ததைக் கொண்டு நடக்கிறது. உதவ வேண்டிய வாசிப்பே சில நேரம் மனதை இன்னும் வருத்துவது இதனால்தான்.

நான் அதிகம் பார்க்கும் தவறு, நோயைப் பற்றி மட்டுமே வாசிப்பது. குலசேகரம் பக்கத்து வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயுள் முழுக்க ரப்பர் பால்வெட்டுக்குப் போன தகப்பனார் இரவு மூன்று மணிக்கு எழுந்து கத்தியையும் தலைவிளக்கையும் தேடுகிறார். “நேரமாகிவிட்டது, கதவைத் திற மக்களே” என்கிறார். மகள் கட்டன்சாயா போட்டுக் கொடுத்து, “இன்றைக்கு மழை அப்பா, வெட்டு கிடையாது” என்று சொல்லிப் படுக்க வைக்கிறாள். அதன்பின் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. கைப்பேசியை எடுத்து நோயின் கடைசிக் கட்டத்தைப் பற்றித் தேடி வாசிக்கிறாள்: விழுங்க முடியாமல் போவது, படுக்கையில் விழுவது, பிள்ளைகளை அடையாளம் தெரியாமல் போவது. இன்னும் நடந்து திரியும் மனிதருக்காக, வரப்போகும் எல்லாத் துயரத்தையும் அந்த ஒரே இரவில் பட்டுவிடுகிறாள்.

நோயைப் பற்றி வாசிக்கத்தான் வேண்டும். ஆனால் பகலில், இன்றைய சிக்கலுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. ராத்திரியில் ஏன் எழுகிறார், என்ன பதில் சொன்னால் அடங்குவார், கத்தியை எங்கே வைப்பது என்பவை இன்றைய கேள்விகள். மீதியை ஒரு தாளில் எழுதி வைத்து மருத்துவரிடம் கேளுங்கள். இரவுக்கு வேறு புத்தகம் வேண்டும். கதை, பயணக் கட்டுரை, சிறுவர் கதை, எதுவானாலும் சரி. நோய் மட்டும் வேண்டாம்.

கதை எப்படி உதவுகிறது என்று ஆய்வாளர்கள் சொல்வது எளிமையானதுதான். வாசிப்பவர் ஒரு பாத்திரத்தில் தன்னைக் காண்கிறார். அடக்கி வைத்த அழுகை வெளியே வருகிறது. பிறகு தன் நிலையைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க முடிகிறது. ஆள் கண்முன்னே இருந்தும் பழைய ஆளாக இல்லாத நிலையையும் ஒருவகை இழப்பு என்றே அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் விளக்கினார். உயிரோடு இருக்கும் அம்மாவுக்காக ஏன் துக்கப்படுகிறோம் என்று புரியாமல் தவிக்கும் ஒரு மகளுக்கு, இதை வாசிப்பதே பெரிய ஆறுதலாக இருக்கும். இந்தத் துக்கத்திற்கு வீட்டில் பந்தல் போடுவதில்லை, ஊரில் யாரும் கேட்டு வருவதுமில்லை.

அடுத்த தவறைச் செய்பவர்கள் பெரும்பாலும் உறவினர்கள். பெற்றோரைத் தெய்வமாகத் தொழு, பொறுமையே பூஷணம் என்ற ரகத்துப் புத்தகங்களை அன்போடு கொண்டுவந்து கொடுப்பார்கள். காலையில் மாமியார் மூன்றாவது முறை சேலையை அவிழ்த்துப் போட்டபோது சத்தம் போட்டுவிட்ட மருமகள், மத்தியானம் அதை வாசித்தால் என்ன ஆகும்? தான் பாவி என்று முடிவு செய்துவிடுவாள். தூக்கமில்லாத உடம்புக்குக் கோபம் வரும். அதைக் குற்றமாக்கும் புத்தகம் யார் தந்ததாக இருந்தாலும் அலமாரியிலேயே இருக்கட்டும். கோபத்தையும் சலிப்பையும் ஒளிக்காமல் சொல்லும் எழுத்தே இவளுக்கு உதவும்.

வாசிப்பை வீட்டுப்பாடம் ஆக்குவதும் கூடாது. தூக்கம் துண்டு துண்டாகிப் போனவர்களுக்குப் பெரிய நாவல் பிடிபடாது. பத்தாம் பக்கம் வரும்போது முதல் பக்கம் மறந்திருக்கும். உடனே, தனக்கும் இந்த நோய் வந்துவிட்டதோ என்று பயந்துவிடுகிறார்கள். அது பெரும்பாலும் களைப்புதான். சிறுகதை, கவிதை, பைபிளின் சங்கீதத்தில் ஓர் அதிகாரம், இளவயதில் விரும்பி வாசித்ததை மறுபடி வாசிப்பது போதும். கண் வலித்தால் யாராவது வாசிக்கக் கேட்கலாம். இன்னொன்று: இந்த மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்று. அதற்கு முன் பள்ளிக்கூடம் போய், மலையாளத்தில் எழுத்துக் கற்றவர்கள் விளவங்கோடு, கல்குளம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கணவரைப் பார்த்துக்கொள்ளும் அப்படிப்பட்ட அம்மச்சிக்குத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, வாசிக்கவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. மலையாளப் புத்தகத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

நோயாளிக்கு வாசித்துக் காட்டுவது வேறு விஷயம். அதுவும் நல்லதுதான். கார்த்திகை மாதம் சுவாமித்தோப்பு அய்யாவழிப் பதியில் ஏடு வாசிப்பு கேட்டு வளர்ந்தவர்களுக்கும், சாயங்காலச் செபமாலை சொல்லி வளர்ந்தவர்களுக்கும், பேரப்பிள்ளையின் பெயர் மறந்த பிறகும் அந்த ராகமும் வரிகளும் நாவில் வரக்கூடும். சேர்ந்து சொல்லட்டும், தப்பினால் திருத்த வேண்டாம். “இப்போது என்ன வாசித்தேன், சொல்லுங்கள் பார்ப்போம்” என்று பரீட்சை வைப்பது அவரைக் கூசச்செய்யும். இது அவருக்கான நேரம். பராமரிப்பவரின் வாசிப்பு நேரத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் ‘மறதிக்கு மருந்து’ செய்திகளை வாசிப்பாகவே கருத வேண்டாம். மறதிநோய்களில் அதிகம் காணப்படும் அல்சைமர் நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. அறிகுறிகளைத் தணிக்கும் மருந்துகள் இருக்கின்றன. பி12 சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு போன்றவற்றால் வரும் மறதியைச் சரிசெய்யவும் முடியும். அதனால் முதலில் போக வேண்டியது மருத்துவரிடம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, புத்தகம் கொடுத்துவிட்டோம், இனி அவள் பார்த்துக்கொள்வாள் என்று குடும்பம் ஒதுங்கிக்கொள்வது. அரை மணி நேரம் நோயாளியின் பக்கத்தில் உட்கார இன்னோர் ஆள் இல்லையென்றால் எந்தப் புத்தகமும் திறக்கப்படாது. வெளியூர் அண்ணன் புத்தகம் அனுப்புவதோடு, வாரத்தில் சில மணி நேரம் துணைக்கு இருக்க ஒருவரைக் கூலி கொடுத்து ஏற்பாடு செய்யட்டும். உள்ளூரில் இருக்கும் மைனி ஞாயிற்றுக்கிழமை வந்து உட்காரட்டும்.

நாள்தோறும் அழுகை, சாப்பாடு இறங்காமை, செத்துவிடலாம் என்ற நினைப்பு, நோயாளியை அடித்துவிடுவோமோ என்ற பயம் ஆகியவை வந்தால் வாசிப்பை நம்பிக் காத்திருக்கக் கூடாது. 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை (டெலி மானஸ்) இரவும் பகலும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். முதியோருக்கான உதவி எண் 14567.

நூலகத்துக்குப் போக வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்கள், பக்கத்துக் கிளை நூலகத்தில் ‘நூலக நண்பர்கள்’ திட்டத்தைப் பற்றி விசாரியுங்கள். தன்னார்வலர்கள் வீட்டுக்கே நூல் கொண்டுவந்து கொடுப்பதற்காகத் தமிழக அரசு தொடங்கிய திட்டம் அது. உங்கள் ஊருக்கு ஆள் கிடைத்தால், காலையில் வரச் சொல்லுங்கள். மறதிநோய் உள்ள பலருக்குப் பொழுது சாயும் வேளையில் குழப்பமும் பதற்றமும் கூடும். அந்த நேரத்தில் புது ஆள் வாசலில் நிற்பது நல்லதல்ல.