அலுமினியக் குழாயில் ஒரு தட்டு வாத்தியம்

20 மி.மீ. விட்டமுள்ள அலுமினியக் குழாய் இரண்டே கால் மீட்டர் போதும். எட்டு ஸ்வரமும் அதிலேயே வந்துவிடும். ஒரே குழாயிலிருந்து வெட்டுங்கள். தடிமன் மாறினால் கணக்கு தப்பும்.

ச முதல் மேல் ச வரை நீளங்கள், செ.மீ.யில்: 30, 28.3, 26.8, 26, 24.5, 23.2, 21.9, 21.2. மேல் ஸ்தாயிக்கு நீளத்தைப் பாதியாக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அது புல்லாங்குழல் கணக்கு. தட்டி ஒலிக்கும் குழாயில் நீளம் பாதியானால் சுருதி இரண்டு ஸ்தாயி ஏறிவிடும்.

ஒவ்வொன்றையும் 2 மி.மீ. கூடுதலாக வெட்டி, அரத்தால் ராவிச் சுருதி சேருங்கள். ராவ ராவச் சுருதி ஏறும். அதிகம் ராவிவிட்டால் நடுப்பகுதியின் அடியில் லேசாக ராவுங்கள், இறங்கும். ராவிய சூட்டோடு சோதிக்காதீர்கள். ஆறியபின் சுருதி சற்று ஏறும்.

தாங்கும் இடம்தான் உயிர்நாடி. இரு முனையிலிருந்தும் நீளத்தில் 22.4 சதவீதம் தள்ளி, அதாவது 30 செ.மீ. குழாய்க்கு 6.7 செ.மீ.யில், ஸ்பாஞ்சுத் துண்டு வையுங்கள். சந்தேகமா? குழாயைத் தட்டிவிட்டு விரலால் தொட்டுப் பாருங்கள். நாதம் எங்கே தொட்டால் சாகவில்லையோ அதுதான் இடம். வேறெங்கு வைத்தாலும் ‘டக்’கென்று அடங்கிவிடும்.

தட்டுவதற்குக் குச்சி முனையில் செருகிய ரப்பர் பந்து நல்லது. வெறும் மரக்குச்சி காதைக் குத்தும்.