ஆர்ம்64 போர்டில் கேஏஎஸ்எல்ஆர்: கெர்னல் முகவரியை ஒவ்வொரு பூட்டிலும் மாற்றுவது எப்படி?

ஒரே ஃபர்ம்வேர் ஓடும் ஆயிரம் போர்டுகளிலும் கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) ஃபங்ஷன்கள் ஒரே முகவரியில் இருந்தால், ஒன்றை உடைக்கத் தெரிந்தவனுக்கு மற்றவையும் திறந்த வீடுதான். அதைத் தடுக்கத்தான், கெர்னல் மெமரியில் அமரும் முகவரியை ஒவ்வொரு பூட்டிலும் ரேண்டமாக மாற்றும் கேஏஎஸ்எல்ஆர் (KASLR). ஆர்ம்64-க்கு (64-பிட் ஆர்ம் சிப்கள்) இது 2016-இல், லினக்ஸ் 4.6-இலேயே வந்துவிட்டது. 32-பிட் ஆர்ம் சிப்களுக்கு மெயின்லைனில் (அதிகாரபூர்வ லினக்ஸ் மூலத்தில்) இல்லை. ராக்சிப்பின் ஆர்கே3399 சிப் உள்ள போர்டு, கெர்னலை ஏற்றித் தரும் பூட்லோடராக யூ-பூட், மெயின்லைன் கெர்னல் என்று வைத்துச் சொல்கிறேன்.

முதலில் கெர்னலின் கன்ஃபிக் மெனுவான மெனுகன்ஃபிக்கில் 'கெர்னல் ஃபீச்சர்ஸ்' பகுதிக்குப் போய் 'ரேண்டமைஸ் தி அட்ரஸ் ஆஃப் தி கெர்னல் இமேஜ்' என்பதை இயக்குங்கள். பூட்ஆர்க்ஸில் (பூட்லோடர் கெர்னலுக்குத் தரும் கட்டளை வரி) 'நோகேஏஎஸ்எல்ஆர்' இருந்தால் நீக்குங்கள். பில்ட் செய்து பூட் பண்ணுங்கள்.

இப்போது டிமெசேஜில் (கெர்னல் லாக்) தேடினால், பெரும்பாலும் 'கேஏஎஸ்எல்ஆர் டிஸேபிள்டு டியூ டு லாக் ஆஃப் சீட்' என்றுதான் வரும்; அதாவது சீட் என்ற ரேண்டம் தொடக்க எண் இல்லாததால் அது இயங்கவில்லை. அதிக நேரத்தை விழுங்குவது இந்த இடம்தான். கெர்னல் எழும் அந்த நொடியில் அதனிடம் நம்பகமான ரேண்டம் எண் கிடையாது. பூட்லோடர்தான் டிவைஸ் ட்ரீயின் (போர்டின் ஹார்ட்வேரை கெர்னலுக்கு விவரிக்கும் தரவு) 'சூஸன்' நோடில் 'கேஏஎஸ்எல்ஆர்-சீட்' என்ற 64-பிட் எண்ணை வைத்துத் தர வேண்டும். அதை டிவைஸ் ட்ரீயின் மூலமான டிடிஎஸ் ஃபைலிலேயே எழுதிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். எல்லா போர்டிலும், எல்லா பூட்டிலும் அதே எண் என்றால் முகவரியும் மாறவே மாறாது.

யூ-பூட்டில் மூன்று கன்ஃபிக் வேண்டும்: டிஎம் ஆர்என்ஜி (ரேண்டம் எண் ஹார்ட்வேருக்கான ஆதரவு), ராக்சிப் ஆர்என்ஜி டிரைவர், 'கேஏஎஸ்எல்ஆர்சீட்' கமாண்ட். 'ஆர்என்ஜி' கமாண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ப்ராம்ப்ட்டில் அதை இரண்டு முறை அடித்து, பைட்டுகள் மாறுகின்றனவா என்று பார்த்துவிட்டு மேலே போகலாம்.

பூட் ஸ்கிரிப்ட்டில் வரிசை முக்கியம். டிடிபியை (கம்பைல் செய்த டிவைஸ் ட்ரீ) மெமரியில் ஏற்றி, 'எஃப்டிடி ஆடர்' (fdt addr) கமாண்டால் அந்த முகவரியைக் காட்டி, 'எஃப்டிடி ரீசைஸ்' கமாண்டால் கொஞ்சம் இடம் ஒதுக்கி, அப்புறம் 'கேஏஎஸ்எல்ஆர்சீட்', கடைசியில் கெர்னலை ஓடவிடும் 'பூட்ஐ'. சீட் வைத்த பிறகு டிடிபியை மறுபடி ஏற்றினால் சீட் போய்விடும். வெண்டர் தரும் பழைய யூ-பூட்டோடு மல்லுக்கட்டுவதைவிட மெயின்லைன் யூ-பூட்டுக்கு மாறிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

சரி, வேலை செய்கிறதா? டிமெசேஜில் 'கேஏஎஸ்எல்ஆர் எனேபிள்டு' என்று வர வேண்டும். அதோடு நிறுத்தாமல், ரூட்டாக, கெர்னல் முகவரிகளைப் பட்டியலிடும் கால்சிம்ஸ் ஃபைலில் '_டெக்ஸ்ட்' சிம்பலின் (கெர்னல் தொடங்கும் இடம்) முகவரியைக் குறித்துக்கொண்டு ரீபூட் செய்து ஒப்பிடுங்கள். ப்ராக் (/proc) வழியாக டிவைஸ் ட்ரீயில் உள்ள சீட்டைப் படித்தால் வெறும் பூஜ்யமாகத் தெரியும், கவலை வேண்டாம். யாரும் பார்க்கக் கூடாது என்று கெர்னலே படித்தவுடன் அழித்துவிடுகிறது.

இந்த வழியில் மாறுவது விர்ச்சுவல் முகவரி மட்டுமே. பிசிக்கல் இடமும் மாற வேண்டுமானால் கெர்னலிலேயே உள்ள யூஈஎஃப்ஐ (UEFI) ஸ்டப் வழியாக பூட் செய்ய வேண்டும்.

பின்சேர்க்கை: எக்ஸ்ட்லினக்ஸ் (ஸ்கிரிப்ட்டுக்குப் பதில் ஒரு கன்ஃபிக் ஃபைலைப் படித்து பூட் செய்யும் முறை) வழியாக பூட் செய்பவர்கள் சிலர் சீட் வரவில்லை என்று எழுதியிருந்தார்கள். அங்கே உங்கள் பூட் ஸ்கிரிப்ட் ஓடாது; கன்ஃபிக் ஃபைலில் அந்த லேபிளுக்குக் கீழே 'கேஏஎஸ்எல்ஆர்சீட்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஜேடேக் (சிப்போடு நேரடியாகப் பேசும் டீபக் இணைப்பு) வழியாக ஜிடிபி டீபக்கரில் சிம்பல்கள் பொருந்தாமல் போனால், டீபக் செய்யும் நேரத்துக்கு மட்டும் 'நோகேஏஎஸ்எல்ஆர்' போடுங்கள். கெர்னல் பேனிக் ஆகி நின்றுவிட்டால் லாக்கிலேயே 'கெர்னல் ஆஃப்செட்' அச்சாகும், அதைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த லாக் வெளியாட்கள் கைக்குப் போகக் கூடாது; ஒரே ஒரு முகவரி கசிந்தாலும் அந்த பூட் முழுக்க கெர்னல் இருக்கும் இடம் தெரிந்துவிடும். அதனால் ப்ராடக்‌ஷனில் கெர்னல் முகவரிகளை மறைக்கும் 'கேபிடிஆர் ரெஸ்ட்ரிக்ட்', லாக்கைப் படிக்கவிடாத 'டிமெசேஜ் ரெஸ்ட்ரிக்ட்' இரண்டையும் 1 என்று வைத்துவிடுங்கள்.