மனு பார்க்கப் போகும்போது உடம்பைப் பற்றியும் பேசுங்கள்: சிறையில் இருப்பவருக்கான உடற்பயிற்சி வழிகாட்டி

சிறைக்குள் கையில் போன் கிடையாது. அதனால் இதைப் படிக்கிற நீங்கள் அநேகமாக வெளியே இருக்கும் மனைவி, அண்ணன், அம்மா, நண்பர் என்று யாரோ ஒருவர், கடலூர் கேப்பர் மலைச் சிறைக்கோ புதுச்சேரி காலாப்பட்டுச் சிறைக்கோ மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரை நேரில் சந்தித்துப் பேசப் போகிறவர். அங்கே கிடைக்கிற கொஞ்ச நேரம் வழக்கு, வக்கீல், ஜாமீன், வீட்டு வாடகை என்று பேசுவதற்கே பத்தாது. "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்பீர்கள், "நல்லா இருக்கேன்" என்று பதில் வரும், அதோடு சரி. அந்தக் கேள்விக்கு அப்புறம் என்ன கேட்பது, என்ன சொல்லிக் கொடுப்பது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிசியோதெரபி பார்க்கிறேன். ஜாமீனில் வந்தவர்கள், தண்டனை முடிந்து வந்தவர்கள் என்னிடம் வருவதுண்டு. இடுப்பு வலி, முட்டி மடக்க முடியவில்லை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, உள்ளே போகும்போது இல்லாத சர்க்கரையும் பிரஷரும் இப்போது இருக்கிறது என்பார்கள். இதில் பெரும்பகுதி தடுத்திருக்கக் கூடியது, அதற்கு ஒரு பாய் விரிக்கும் இடமும் கொஞ்சம் ஒழுங்கும் போதும் என்று தெரிவதால்தான் மனசு கேட்கவில்லை.

முதலில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று பாருங்கள். கடுங்காவல் தண்டனைக் கைதிக்கு ஏதாவது ஒரு வேலை இருக்கும். காலாப்பட்டில் கைதிகள் இயற்கை விவசாயம் செய்வதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள், மண் வெட்டுகிறவருக்கு உடம்பு தானாகவே அசையும். விசாரணைக் கைதியை வேலை செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, அதனால் அவர் பெரும்பாலும் உட்கார்ந்தே இருக்கிறார், அடுத்த வாய்தாவை நினைத்துக்கொண்டே. நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் இப்படி விசாரணையில் இருப்பவர்கள்தான். 2022 இறுதியில் நாடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் 100 பேருக்கான இடத்தில் 131 பேர் இருந்தார்கள் என்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. நெருக்கம், சாயங்காலம் அடைத்தால் மறுநாள் காலைதான் திறப்பு, தட்டு நிறையச் சோறு, தலை நிறையக் கவலை. இது எல்லாம் சேர்ந்தால் சும்மா உட்கார்ந்திருப்பதே ஒரு நோய்தான்.

முதல் வாரம்

உள்ளே போன உடனே பயிற்சி ஆரம்பிக்கச் சொல்லாதீர்கள். முக்கியமாக, தினமும் குடித்துக்கொண்டிருந்தவர் என்றால். குடி திடீரென்று நிற்கும்போது முதல் மூன்று நான்கு நாட்களில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும், சிலருக்கு வலிப்பும் மனக்குழப்பமும் வரும், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அவர் எவ்வளவு குடிப்பார் என்பதைக் குடும்பம் வெட்கப்பட்டு மறைக்கவே கூடாது, வக்கீல் மூலமாகவோ நேராகவோ முதல் நாளே சிறை மருத்துவருக்குத் தெரியப்படுத்துங்கள். அவரிடம் மருந்து இருக்கிறது, விஷயம் தெரிந்தால் கொடுப்பார்.

சர்க்கரை, பிரஷர், வலிப்பு, இதய நோய்க்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மருந்துச் சீட்டின் நகலைக் கொண்டுபோய் மருத்துவரிடம் சேர்க்க வழி கேளுங்கள். மாத்திரையை நீங்களே அவர் கையில் கொடுக்க விடமாட்டார்கள். இந்த வாரத்தில் உடம்புக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பகலில் படுக்காமல் வெளிச்சத்தில் நிற்பது, அப்போதுதான் ராத்திரி தூக்கம் வரும்.

திறந்தவெளியில்: நடை

பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும், கூடவே இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. 150 என்றதும் மலைக்க வேண்டாம், தினம் அரைமணி வீதம் ஐந்து நாள், அதையும் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். வேகம் எவ்வளவு என்றால், நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. கடிகாரம் இல்லாத இடத்தில் இதைவிட நல்ல அளவு கிடையாது.

இடம் குறுகலாக இருந்தால் எட்டு போட்டு நடக்கச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பூங்காக்களில் தரையில் வரைந்து வைத்திருக்கிறார்களே, அதே எட்டுதான். வடக்கு தெற்காக நடந்தால்தான் சர்க்கரை குறையும் என்பதையெல்லாம் நான் நம்பவில்லை, பலன் முழுக்க நடையில்தான் இருக்கிறது, வடிவத்தில் இல்லை. ஆனால் சின்ன இடத்தில் ஒரே பக்கமாகச் சுற்றினால் தலை சுற்றும், ஒரு பக்க முட்டிக்கே பாரம் போகும். எட்டில் இடமும் வலமும் மாறி மாறித் திரும்புவதால் அந்தத் தொல்லை இல்லை. பாதியில் நின்று எதிர்த்திசையில் தொடர்ந்தால் இன்னும் நல்லது.

வெயில் விஷயத்தில் கடலோர ஊர்க்காரர்கள் ஏமாந்துவிடுவோம். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை காயாது, வியர்வை காயாவிட்டால் உடம்புச் சூடு இறங்காது. சித்திரை, வைகாசியில் காலையில் கதவு திறந்ததுமே நடையை முடித்துவிட வேண்டும். நடப்பதற்கு முன்னும் பின்னும் தண்ணீர் கட்டாயம். தலைவலி, குமட்டல், கெண்டைக்காலில் பிடிப்பு வந்தால் நிழலுக்குப் போய் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டு உட்கார வேண்டும். பேச்சு குழறினால் உடனே பக்கத்தில் இருப்பவர் வார்டரை, அதாவது சிறைக் காவலரைக் கூப்பிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இதற்கு நேர்மாறு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் இந்தப் பக்கம் பெய்த மழையை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட நாட்களில் வெளியே நடை கிடையாது, அதனால் உள்ளே செய்வதற்கும் தனியாக ஒரு வழக்கம் வேண்டும்.

அறைக்குள்: பாய் அளவு இடம்

இதற்கு நம்மிடம் பழைய சொத்து இருக்கிறது, தண்டாலும், முட்டி மடக்கி உட்கார்ந்து எழும் பஸ்கியும். கருவி வேண்டாம், செலவு இல்லை, யாரிடமும் எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் பள்ளிக்கூடத்தில் செய்த ஞாபகத்தில் நேராக ஐம்பது எடுக்கப் போகக் கூடாது.

தண்டாலைச் சுவரில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள். சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி நின்று, தோள் உயரத்தில் உள்ளங்கையை வைத்து, உடம்பை நேராக வைத்தபடி முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவருக்குக் கொண்டுபோய்த் திரும்ப வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து, கொஞ்சம் மூச்சு விட்டு இன்னொரு பத்து. அது சுலபமானதும் தரையில் முட்டி போட்டு, அதுவும் சுலபமானதும் முழுத் தண்டால். பஸ்கி எடுக்கும்போது கால் தோள் அகலத்தில் இருக்கட்டும், குதிகால் தரையை விட்டு எழக் கூடாது, முட்டி வலி உள்ளவர் நாற்காலியில் உட்காரும் அளவுக்கு இறங்கினால் போதும். வயசானவருக்கு நான் முதலில் சொல்வது இதுகூட இல்லை: தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முடிந்தவரை கை ஊன்றாமல் எழுந்திருப்பது, ஐந்து தடவை. கீழே உட்கார்ந்து எழும் பலம் போய்விட்டால் கழிப்பறைக்கே இன்னொருவர் கை வேண்டியிருக்கும், உள்ளே அதைப் போல ஒரு மனுஷனை உடைப்பது வேறு இல்லை.

இடுப்பு வலிக்கு, மல்லாந்து படுத்து முட்டியை மடக்கிப் பாதத்தை ஊன்றி இடுப்பை மட்டும் மேலே தூக்கி, ஐந்து எண்ணி இறக்க வேண்டும், பத்துத் தடவை. வெறும் தரையில் மாதக்கணக்கில் படுக்கிறவருக்கு நான் ஒரே ஒரு பயிற்சிதான் சொல்ல முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். எதைச் செய்தாலும் மூச்சை அடக்கக் கூடாது, சிரமமான பக்கம் போகும்போது மூச்சை வெளியே விட வேண்டும். பிரஷர் உள்ளவருக்கு இது ரொம்ப முக்கியம்.

நெல்சன் மண்டேலா ராபன் தீவுச் சிறையில் வாரத்தில் நான்கு நாள் தன் சின்ன அறைக்குள்ளேயே நின்ற இடத்தில் 45 நிமிடம் வரை ஓடுவார், விரல் நுனியில் 100 தண்டால், 50 பஸ்கி எடுப்பார். இதைச் சொன்னால் இளவட்டங்கள் அன்றைக்கே அந்தக் கணக்கைத் தொடப் பார்ப்பார்கள். அவர் குத்துச்சண்டை பழகியவர், சிறைக்கு முன்பே உடம்பைத் தயார் செய்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம்மவர் எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய கிழமைக் கணக்கை: தண்டால், பஸ்கிக்கு நான்கு நாள், மீதி நாள் தசைக்கு ஓய்வு. பந்தயம் கட்டி நூற்றுக்கணக்கில் பஸ்கி எடுத்துவிட்டுத் தொடை வீங்கி, சிறுநீர் கடும் டீ நிறத்தில் போனால் அது தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிற அறிகுறி. வலி தானாகப் போய்விடும் என்று படுத்திருக்கக் கூடாது, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

அறையில் மற்றவர்களும் இருக்கிறார்கள். ராத்திரியிலும் விடியலிலும் தொம் தொம் என்று குதிக்க வேண்டாம், முட்டியை உயர்த்தி நின்ற இடத்தில் நடந்தால் சத்தமில்லை. பத்துப் பேராகச் சேர்ந்து செய்ய ஆசைப்பட்டால் முதலில் வார்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யட்டும், சொல்லாமல் கும்பல் சேர்ந்தால் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும். பாட்டிலில் மண் நிரப்பி எடை தூக்குவது போன்ற வேலையும் வேண்டாம்.

சர்க்கரை, இருமல், தோல்

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் வெறும் வயிற்றில் நடக்கக் கூடாது. கை நடுங்கி, வேர்த்து, கண் மங்கினால் உடனே இனிப்பு ஏதாவது வாயில் போட வேண்டும், அதற்கு இரண்டு மிட்டாயாவது கைவசம் இருக்கட்டும். வெறுங்காலில் நடக்க வேண்டாம், ராத்திரி படுக்குமுன் உள்ளங்காலைத் தடவிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டுச் சளிப் பரிசோதனை கேட்க வேண்டும். நெருக்கமான இடத்தில் காசநோய் சுலபமாகப் பரவும். வியர்த்த உடம்போடு அப்படியே படுத்தால் படர்தாமரை வரும், குளிக்கத் தண்ணீர் இல்லாத நேரத்தில் ஈரத்துண்டால் துடைத்தாவது காய்ந்த துணி மாற்ற வேண்டும், அடுத்தவர் துண்டைத் தொடக் கூடாது.

நடக்க விடவில்லை என்றால்

வெளி வேலை இல்லாத ஒவ்வொரு கைதிக்கும், வானிலை இடம் கொடுத்தால், தினம் ஒரு மணி நேரமாவது திறந்தவெளியில் உடற்பயிற்சி வேண்டும் என்று கைதிகளை நடத்தும் முறைக்காக ஐக்கிய நாடுகள் சபை 2015-ல் ஏற்ற மண்டேலா விதிகளின் 23-ம் விதி சொல்கிறது. நம் ஊரில் இதைக் காட்டிச் சண்டை போட முடியாது, ஆனால் சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுதும் விண்ணப்பத்தில் குறிப்பிடலாம். அதைவிடப் பலன் தரும் வழி மருத்துவர் மூலமாகப் போவது. அரவிந்தர் புதுச்சேரிக்கு வருவதற்கு முன் கொல்கத்தா அலிப்பூர் சிறையில் தனி அறையில் இருந்தபோது, நாள் முழுக்க அடைந்து கிடப்பது உடம்புக்கும் மனசுக்கும் கெடுதல் என்று சிறை மருத்துவர் எடுத்துச் சொல்லித்தான் அவருக்குக் காலையும் மாலையும் வெளியே நடக்க அனுமதி கிடைத்தது. இன்றைக்கும் "இவருக்கு நடை தேவை" என்று மருத்துவர் எழுதினால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. அதுவும் நடக்கவில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள், இலவச எண் 15100.

மனு நேரத்தில் எப்படிக் கேட்பது

"உடம்பு நல்லா இருக்கா" என்பதை விட்டுவிட்டு, "நேத்து எவ்வளவு நேரம் நடந்தே? தண்டால் சுவர்லயா, தரையிலயா? ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வந்தது?" என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதற்காகவே பலர் செய்ய ஆரம்பிப்பார்கள். கடிதத்தில் கிழமைவாரியாக எழுதி அனுப்புங்கள்: திங்கள் நடை, செவ்வாய் தண்டால், பஸ்கி, புதன் நடை என்று. அதே நேரத்தில் வீட்டில் நீங்களும் நடப்பதாகச் சொல்லி, உண்மையாகவே நடங்கள். அவருக்கு ஒரு துணை, உங்களுக்கும் தேவைதான், கைதியின் குடும்பத்தில் பிரஷர் ஏறாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பேச்சில் "இருந்து என்ன பிரயோஜனம்" என்பது போல ஏதாவது வந்தால் பயிற்சியை எல்லாம் விட்டுவிட்டு அன்றைக்கே அதிகாரியிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிட்டு வாருங்கள்.

விடுதலை தேதி தெரிந்தால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உள்ளே எடுத்த ரத்தப் பரிசோதனை, பிரஷர், சர்க்கரை அளவு, கொடுத்த மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் வெளியே வரும்போதே சீட்டு கேட்டு வாங்குங்கள். காசநோய்க்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர் என்றால் ஒரு நாள்கூட விடாமல் பக்கத்து அரசு மருத்துவமனையில் பதிவை மாற்றிக்கொள்ள வேண்டும், அங்கே மருந்து இலவசம்.