வெலாஸ்கேஸின் நீல கவுன் இளவரசி: ஆயில் பெயின்டில் பிரதி எடுப்பது எப்படி?

பழைய ஓவியங்களைப் பிரதி எடுத்துப் பழக நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் படத்தைத்தான். ஸ்பெயின் அரண்மனை ஓவியர் வெலாஸ்கேஸ் 1659-இல் வரைந்தது. இப்போது வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எட்டு வயது இளவரசி மார்கரீட்டா தெரேசா, விரிந்த நீல கவுனில், குளிருக்குக் கை நுழைத்துக்கொள்ளும் பழுப்பு ரோம உறையோடு நிற்கிறாள். வியன்னாவில் இருந்த தாய்மாமன் லெயோபோல்டுக்கு அவளை மணமுடிப்பதாகப் பேசியிருந்தார்கள். பெண் எப்படி வளர்கிறாள் என்று மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்ட அனுப்பிய படங்களில் இதுவும் ஒன்று. 1666-இல் கல்யாணம் நடந்தது. 1673-இல், இருபத்தொரு வயதில், அவள் இறந்துபோனாள்.

பிரதி எடுப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்க வேண்டாம். இதே இளவரசி இதே கோலத்தில், ஆனால் பச்சை கவுனில் நிற்கும் படம் ஒன்று புடாபெஸ்டில் இருக்கிறது. வெலாஸ்கேஸின் மருமகன் மாசோ வரைந்த பிரதி என்று அதைக் கருதுகிறார்கள்.

வாங்க வேண்டியவை

16×20 அங்குல கான்வாஸ் ஒன்று. வண்ணங்கள் ஏழு போதும்: டைட்டானியம் ஒயிட், யெல்லோ ஓக்கர், வெர்மிலியன், அலிசரின் கிரிம்சன், அல்ட்ராமெரின் புளூ, பர்ன்ட் அம்பர், ஐவரி பிளாக். அந்தக் காலத்தில் ஈய வெள்ளைதான் உண்டு. அது நஞ்சு, நமக்கு வேண்டாம். மூன்று தட்டை பிரஷ், இரண்டு உருண்டை பிரஷ், டர்பன்டைன், லின்சீட் ஆயில், கரித்துண்டு, பழைய பருத்தித் துணி. லின்சீட் ஆயில் பட்ட துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகு வீசுங்கள்.

படி 1: கட்டம் போடுதல்

அசல் படம் 127 செ.மீ. உயரம், 107 செ.மீ. அகலம். நம் கான்வாஸின் விகிதம் வேறு. அதனால் மேலே ஒரு அங்குலத்தை ஒதுக்கிவிட்டு 16×19 அங்குலத்தில் வரையுங்கள். கணக்கு சரியாக வரும். இல்லையென்றால் குழந்தை ஒல்லியாக நீண்டுவிடுவாள்.

முதலில் அக்ரிலிக்கில் சாம்பல் கலந்த பழுப்பை மெல்லியதாகப் பூசிக் காயவிடுங்கள். வெள்ளைப் பரப்பில் நேரடியாக வரைந்தால் எந்த நிறமும் கண்ணுக்கு உள்ளதைவிடக் கருமையாகவே தெரியும். அப்புறம் இரண்டு அங்குலக் கட்டங்கள்: அகலத்தில் எட்டு, உயரத்தில் ஒன்பதரை. அச்செடுத்த படத்திலும் அதே எண்ணிக்கை. கரித்துண்டால் உருவத்தை எடுத்து, டர்பன்டைனில் கரைத்த அம்பரால் கோட்டை உறுதிசெய்து, கரியைத் தட்டிவிடுங்கள்.

படி 2: நிழல் மட்டும்

அதே அம்பரால் இருட்டுப் பகுதிகளை மட்டும் நிரப்புங்கள். பின்னணி, கவுன் மடிப்பின் உட்புறம், ரோம உறை. ஒரு நாள் காயட்டும்.

படி 3: முகம்

இங்கேதான் அவசரப்படக் கூடாது. என் முதல் முயற்சியில் எட்டு வயதுக் குழந்தைக்கு நாற்பது வயது ஆகிவிட்டது. நான் செய்த தப்பு, மூக்கின் பக்கத்திலிருந்து வாயோரம் வரை ஒரு கோடு இழுத்ததுதான். குழந்தை முகத்தில் கோடே கிடையாது. நிறம் மெதுவாக மாறுகிறது, அவ்வளவுதான். நெற்றி பெரியது, கண்கள் தலையின் நடுவுக்குச் சற்றுக் கீழே இருக்கும். இதைக் கட்டத்தை வைத்து இரண்டு முறை சரிபாருங்கள்.

தோலுக்கு வெள்ளையில் ஓக்கரும் துளி வெர்மிலியனும். நிழலுக்குக் கறுப்பைச் சேர்க்காதீர்கள், தோல் அழுக்காகிவிடும். அம்பரும் மிகக் கொஞ்சம் அல்ட்ராமெரினும் போதும். கன்னத்துக்கு மட்டும் கொஞ்சம் அலிசரின். இரண்டு நிறம் சேரும் இடத்தை ஈரம் காய்வதற்குள் உலர்ந்த பிரஷால் லேசாகத் தடவிக் கலைத்துவிடுங்கள். கண்ணின் வெள்ளை வெள்ளையே அல்ல, சாம்பல். கண்மணியில் ஒளிப்புள்ளி கடைசியில். ஒரே தொடுதல், திருத்தம் கிடையாது.

ஏதோ ஒன்று இடறுகிறது, என்னவென்று தெரியவில்லையா? படத்தையும் கான்வாஸையும் தலைகீழாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். கோணல் பளிச்சென்று தெரியும்.

படி 4: கவுன்

அல்ட்ராமெரினும் கறுப்பும் சேர்த்து அடி நிறம், வெள்ளை கலந்து மேடான பகுதிகள். மூன்று நான்கு நாள் காயவிட்டு, வெள்ளிச் சரிகைக்கு வாருங்கள். எல்லோரும் மாட்டிக்கொள்வது இதில்தான். ஒவ்வொரு இழையாக எண்ணி வரைந்தால் கவுன் பின்னல் வேலை மாதிரி விறைத்துப்போகும். அசலைப் பக்கத்தில் பெரிதாக்கிப் பாருங்கள்: சரிகையே இல்லை, சாம்பலும் வெள்ளையுமாகச் சில தீற்றல்கள்தான். பத்தடி தள்ளி நின்றால் அவை பளபளக்கின்றன. நீங்களும் வெளிர் சாம்பலைக் கெட்டியாக எடுத்து, உடைந்த தீற்றல்களாக வைத்துவிட்டு எட்டிப் போய்ப் பாருங்கள். நான் ஒரு தீற்றலுக்கு ஒரு முறை பின்னால் போவேன். அந்த அறையில் நல்ல நடைப்பயிற்சி.

கீழ் அடுக்கில் எண்ணெய் குறைவாகவும், மேலே போகப்போகச் சற்றுக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பின்னாளில் வெடிப்பு விழும்.

படி 5: மீதி

பின்னணியை அம்பரும் கறுப்பும் கலந்து மெல்லியதாக முடித்துவிடுங்கள். முடியை ஓக்கரில் கொத்துகளாகப் போடுங்கள். ரோம உறையின் விளிம்பு மங்கலாக இருக்கட்டும்.

வார்னிஷ் ஆறு மாதம் கழித்துத்தான். அதற்குள் கான்வாஸின் பின்புறம் "வெலாஸ்கேஸ் படத்தின் பிரதி" என்று எழுதி, உங்கள் பெயரையும் தேதியையும் போட்டுவிடுங்கள். முன்பக்கம் அவர் பெயரை எழுதவே கூடாது.