உள்ளே சீஸ், சுற்றிலும் முட்டைச் சுருள்: தமகோயாகி செய்முறை

தமகோயாகி என்பது ஜப்பானிய வீடுகளில் அன்றாடம் செய்யும் முட்டைச் சுருள். அடித்த முட்டையை மெல்லிய ஏடாக ஊற்றிச் சுருட்ட வேண்டும். அந்தச் சுருளுக்கு அடியிலேயே அடுத்த ஏட்டை ஊற்றி, அதையும் சேர்த்துச் சுருட்ட வேண்டும். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் செங்கல் போல ஒரு கட்டி வரும். வெட்டிப் பார்த்தால் உள்ளே வளையம் வளையமாக மடிப்புகள் தெரியும்.

1960களில் ஜப்பானியக் குழந்தைகளுக்குப் பிடித்தவை எவை என்று கேட்டால் ‘கியோஜின், தைஹோ, தமகோயாகி’ என்பார்கள். முதலாவது பேஸ்பால் அணி, இரண்டாவது சுமோ வீரர், மூன்றாவது இந்த முட்டை. இன்றும் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் கட்டிக்கொண்டு போகும் பெந்தோ டப்பாக்களில் இதற்கு ஓர் ஓரம் எப்போதும் உண்டு. டோக்கியோவில் சுகிஜி சந்தைப் பக்கம் போனால் குச்சியில் செருகிச் சுடச்சுட விற்பார்கள்.

இங்கே நாம் செய்யப்போவது உள்ளே பூரணம் வைத்த சுருள். ஜப்பானில் இந்த வகையில் பேர்போனது உமாகி. தீயில் வாட்டி, இனிப்பும் சோயாவும் கலந்த சாறு பூசிய விலாங்கு மீனை நடுவில் வைத்துச் சுருட்டுவார்கள். விலாங்குக் கடைகளில் இது தனியாகவே கிடைக்கும். வீடுகளில் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். சீஸ், நோரி எனப்படும் காய்ந்த கடற்பாசித் தாள், பசலைக்கீரை, மெண்டைகோ எனப்படும் காரமான மீன்சினை என்று கையில் இருப்பதை வைத்துவிடுவார்கள். முதல் முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது நோரியும் சீஸும்தான். இரண்டிலும் தண்ணீர் விடாது, தனியாக வேகவைக்கவும் வேண்டாம்.

தாஷியா, சர்க்கரையா?

டோக்கியோ பக்கத்துத் தமகோயாகி இனிப்பு. சர்க்கரை கூடுதல், வெளியே லேசாகச் சிவந்திருக்கும். கியோத்தோ, ஒசாகா பக்கம் தாஷிமாகி என்பார்கள். அதில் தாஷி என்னும் தெளிந்த சாறு நிறைய, சர்க்கரை குறைவு அல்லது இல்லவே இல்லை. பிய்த்தால் சாறு கசியும் அளவுக்கு மென்மையாக இருக்கும், நிறமும் மாறாமல் மஞ்சளாகவே இருக்கும். சாப்பிட எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஆனால் கற்றுக்கொள்ள அது கடினம். முட்டையில் நீர் கூடக்கூட ஏடு இளகும், தூக்கும்போது கிழியும். பூரணமும் உள்ளே இருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி தாஷி என்ற நடுவழியில் போவோம்.

தாஷி செய்ய அரை லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்பு என்ற காய்ந்த கடற்பாசியை அரை மணி நேரம் ஊறவிடுங்கள். மெதுவாகச் சூடாக்கி, கொதி வருவதற்கு முன்பே கொம்புவை எடுத்துவிடுங்கள். கொதித்ததும் அடுப்பை அணைத்து, ஒரு பெரிய கைப்பிடி கட்சுவோபுஷி என்ற உலர்மீன் சீவலைப் போட்டு, இரண்டு நிமிடத்தில் வடிகட்டுங்கள். மிச்சம் இருப்பது மிசோ சூப்புக்கு ஆகும். இதற்கெல்லாம் நேரம் இல்லையென்றால் உடனடித் தாஷித் தூளில் ஒரு சிட்டிகையை வெந்நீரில் கரைத்து ஆறவிட்டால் போதும். ஜப்பானிலேயே பல வீடுகளில் அதுதான் நடக்கிறது.

கட்சுவோபுஷி என்பது சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல உலர்த்தியது. மாலத்தீவு, மினிக்காய், இலங்கை பக்கத்து மாசிக்கருவாடும் அதே சூரை மீன்தான், செய்யும் விதமும் கிட்டத்தட்ட அதே. ஆகவே வீட்டில் நல்ல மாசி இருந்தால், ஒரு தேக்கரண்டித் தூளை அரைக் கோப்பை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டிப் பயன்படுத்தலாம். மாசியில் உப்பு இருப்பதால் முட்டையில் தனியாக உப்புப் போடாதீர்கள். மணமும் சற்றுத் தூக்கலாகத்தான் இருக்கும். அந்த மணம் பழகியவர்களுக்கு இது இன்னும் பிடிக்கலாம்.

தேவையானவை

முட்டை 3. ஆறிய தாஷி 3 மேசைக்கரண்டி. சர்க்கரை 1 தேக்கரண்டி. மிரின் 1 தேக்கரண்டி. இது இனிப்பான சமையல் மது. கிடைக்காவிட்டால், வேண்டாம் என்று நினைத்தால், இன்னும் அரைத் தேக்கரண்டி சர்க்கரை போதும். சோயா சாஸ் அரைத் தேக்கரண்டி. நிறம் கறுக்காத வெளிர் சோயா நல்லது. உப்பு ஒரு சிட்டிகை. சோளமாவு (கார்ன்ஃப்ளோர்) அரைத் தேக்கரண்டி. சீஸ் ஸ்லைஸ் 2. நோரி அரைத் தாள். தேய்க்க எண்ணெய். நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் முட்டையின் மணத்தை அமுக்கிவிடும், சூரியகாந்தி போன்ற வாசனையில்லாத எண்ணெயே போதும்.

சோளமாவு மரபான தாஷிமாகியில் இல்லாத சமாச்சாரம். ஆனால் சிறிதளவு மாவு சாற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஏடும் கிழியாமல் வரும். கை பழகிய பிறகு விட்டுவிடலாம்.

இதற்கென்றே உள்ள சட்டி செவ்வக வடிவில் இருக்கும். டோக்கியோ பக்கம் சதுரம், ஒசாகா பக்கம் ஒடுங்கி நீண்ட செவ்வகம். தொழில்முறைக் கடைகளில் உள்ளே வெள்ளீயம் பூசிய செப்புச் சட்டி வைத்திருப்பார்கள். நமக்கு நான்ஸ்டிக்கில் ஒன்று போதும். அதுவும் இல்லையென்றால் 20 சென்டிமீட்டர் வட்ட நான்ஸ்டிக் தவா. வட்டச் சட்டியில் ஒவ்வொரு ஏட்டிலும் இடது வலது ஓரங்களை உள்நோக்கி மடித்துக்கொண்டு சுருட்ட வேண்டும். இரும்பு தோசைக்கல்லில் முயல வேண்டாம். விளிம்பு இல்லாததால் முட்டை ஓடிவிடும்.

இன்னும் வேண்டியவை: சாப்ஸ்டிக் அல்லது மெல்லிய சிலிகான் கரண்டி, மூங்கில் பாய் இருந்தால் அது, இல்லாவிட்டால் பட்டர் பேப்பர்.

முட்டையை அடிக்காதீர்கள், வெட்டுங்கள்

முதலில் தாஷியில் சோளமாவு, சர்க்கரை, உப்பு, சோயா, மிரின் எல்லாவற்றையும் கரைத்துக்கொள்ளுங்கள். தாஷி சூடாக இருந்தால் முட்டை திரிந்துபோகும்.

முட்டைகளை உடைத்து ஊற்றி, சாப்ஸ்டிக்கின் நுனியைக் கிண்ணத்தின் அடியில் படும்படி வைத்து, இடமும் வலமுமாக இழுங்கள். நுரை பொங்க அடிப்பது நம் ஆம்லெட்டுக்குச் சரி. இங்கே நுரை வந்தால் சுருளுக்குள் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். வெள்ளைக்கரு கட்டியாக நிற்கும் இடங்களைச் சாப்ஸ்டிக்கால் தூக்கித் தூக்கி அறுத்துவிடுங்கள். பிறகு தாஷிக் கலவையைச் சேர்த்து, ஒரு வடிகட்டியில் ஊற்றி எடுங்கள். வடிகட்டாமல் விட்டால் வெந்த பிறகு வெள்ளைத் திட்டுகள் தெரியும். வீட்டுச் சாப்பாட்டுக்கு அது ஒரு குறையே இல்லை.

சீஸ் ஸ்லைஸ் ஒவ்வொன்றையும் மூன்றாக மடித்துப் பட்டையாக்குங்கள். நோரியைச் சட்டியின் அகலத்தைவிட ஒரு விரல்கடை குறைவாகக் கத்திரியுங்கள். அடுப்பைப் பற்றவைத்த பிறகு எதையும் தேட நேரம் இருக்காது. முட்டைக் கிண்ணம், பூரணம், எண்ணெய் தோய்த்து மடித்த டிஷ்யூ எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

முதல் சுருள்

சட்டியை மிதமான தீயில் வைத்து, எண்ணெய் டிஷ்யூவைச் சாப்ஸ்டிக்கால் பிடித்து மூலை முடுக்கெல்லாம் தேய்த்துவிடுங்கள். பக்கச் சுவர்களையும் மறக்க வேண்டாம். எண்ணெய் தேங்கக் கூடாது, பளபளப்பு மட்டும் போதும்.

சூடு சரியா என்று பார்க்க, சாப்ஸ்டிக் நுனியை முட்டையில் தோய்த்துச் சட்டியில் ஒரு கோடு இழுங்கள். ‘சுர்’ என்று மெல்லிய சத்தத்துடன் கோடு உடனே இறுகினால் சரி. சத்தமே இல்லையென்றால் பொறுங்கள். வெடித்துப் பழுப்பேறினால் சட்டியைத் தூக்கி ஈரத்துணி மேல் ஒரு நொடி வையுங்கள்.

முட்டையில் நான்கில் ஒரு பங்கை ஊற்றிச் சட்டியைச் சாய்த்துப் பரப்புங்கள். எழும் கொப்புளங்களைச் சாப்ஸ்டிக்கால் குத்திவிடுங்கள். ஓரம் இறுகி, மேற்பரப்பு இன்னும் ஈரமாக மினுங்கும், ஆனால் சட்டியைச் சாய்த்தால் ஓடாது. அந்த நிலைதான் நமக்கு வேண்டும். முழுக்க உலர்ந்துவிட்டால் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டாது, வெட்டும்போது பிரிந்துவிடும்.

இப்போது நோரியை அந்த ஈரத்தின் மேல் விரியுங்கள். உங்களுக்கு எதிரே உள்ள ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, சீஸ் பட்டைகளை வரிசையாக வையுங்கள். எதிர் ஓரத்தைத் தூக்கிச் சீஸ் மேல் மூடி, உங்களை நோக்கிச் சுருட்டிக்கொண்டு வாருங்கள். டோக்கியோக்காரர்கள் சுருட்டுவது இப்படித்தான். ஒசாகா பக்கம் நேர்மாறாக, தன் பக்கமிருந்து எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போவார்கள். கரண்டியை மட்டும் நம்பாதீர்கள். சட்டியின் கைப்பிடியைச் சற்றே உயர்த்தி, மணிக்கட்டால் ஒரு சின்ன உலுக்கு கொடுத்தால் சுருள் தானாகவே புரளும்.

இந்த முதல் சுருள் கிழியும், கோணும், சீஸ் எட்டிப் பார்க்கும். அப்படியே விடுங்கள், சரிசெய்ய உட்காராதீர்கள், அந்த நேரத்தில் முட்டை வெந்து உலர்ந்துவிடும். இதன்மேல் இன்னும் மூன்று ஏடுகள் வரப்போகின்றன. கடைசி ஏடு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அழகு பார்க்க வேண்டியது அங்கேதான்.

அடுத்த மூன்று ஏடுகள்

சுருளை எதிர்ப்பக்கச் சுவர்வரை தள்ளுங்கள். காலியான இடத்தில் எண்ணெய் தேயுங்கள். சுருளைச் சற்று இழுத்து அதன் அடியிலிருந்த இடத்திலும் தேயுங்கள். அடுத்த பங்கு முட்டையை ஊற்றுங்கள். உடனே சுருளின் விளிம்பைத் தூக்கிப் பிடித்து, சட்டியைச் சாய்த்து, பச்சை முட்டை அடியில் ஓடிப் பரவும்படி செய்யுங்கள். புது ஏடு பழைய சுருளோடு ஒட்டுவது இதனால்தான். இதை விட்டுவிட்டால் சுருளும் ஏடும் தனித்தனியாகப் போய்விடும்.

மினுங்கும் நிலை வந்ததும் மறுபடி உங்களை நோக்கிச் சுருட்டுங்கள். இப்படியே மூன்றாவது, நான்காவது ஏடு. போகப்போகச் சுருள் கனத்து, புரட்டுவது எளிதாகும். நம் கேஸ் அடுப்பில் நடுவில்தான் சூடு அதிகம், செவ்வகச் சட்டியின் மூலைகள் பச்சையாகவே இருக்கும். ஆகவே சட்டியை ஓரிடத்தில் வைக்காமல் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருங்கள். சூடு ஏறினால் தீயைத் திருகிக்கொண்டிருக்காமல் சட்டியையே தூக்கிவிடுங்கள், அதுதான் வேகமான வழி.

கடைசி ஏட்டில் தீயைச் சற்றே குறைத்து, நிதானமாகச் சுருட்டுங்கள். பின் சுருளைச் சட்டியின் சுவரோடு அணைத்து, நான்கு பக்கமும் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். ஜப்பானில் பச்சை முட்டையைச் சோற்றின்மேல் ஊற்றியே சாப்பிடுவார்கள், அங்கே அதற்கென்று கழுவி, தேதியிட்டு விற்கும் முட்டை. நம் ஊர் முட்டையில் நடு ஈரத்தை விட வேண்டாம். குறைந்த தீயில் மூடி போட்டு ஒரு நிமிடம் கூடுதலாக வைத்துவிடுங்கள்.

உருவம் கொடுப்பதும் வெட்டுவதும்

சூடாக இருக்கும்போதே மூங்கில் பாயில் அல்லது பட்டர் பேப்பரில் வைத்து இறுக்கமாகச் சுற்றி, ஐந்து நிமிடம் விடுங்கள். வட்டச் சட்டியில் செய்து கோணலாக வந்த சுருள்கூட இங்கே நேராகிவிடும். உள்ளே இருக்கும் சூட்டில் மிச்ச வேக்காடும் நடக்கும், சீஸும் இறுகும். உடனே வெட்டினால் சீஸ் வழிந்து ஓடும்.

கூரான கத்தியால் இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் வெட்டுங்கள். மொண்ணைக் கத்தி நோரியில் மாட்டி, முட்டையை நசுக்கிவிடும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஈரத்துணியில் துடைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனைத் துண்டுகளும் ஒழுங்கில்லாமல் இருக்கும், அவை சமைத்தவருக்கு. தாஷிமாகிக்குப் பக்கத்தில் துருவிய வெள்ளை முள்ளங்கியை லேசாகப் பிழிந்து வைத்து, இரண்டு சொட்டு சோயா விடுவது ஜப்பானிய வழக்கம். நோரி வைத்ததற்கும் அது நன்றாகப் பொருந்தும்.

வேறு பூரணங்கள்

எதை வைத்தாலும் முன்பே வெந்திருக்க வேண்டும், ஈரம் இருக்கக் கூடாது, விரல் கனத்தைத் தாண்டக் கூடாது. பசலைக்கீரையை அரை நிமிடம் வெந்நீரில் போட்டு, குளிர்ந்த நீரில் அலசி, கையால் ஒட்டப் பிழியுங்கள். பிழிந்தது போதும் என்று தோன்றிய பிறகு இன்னொரு முறை பிழியுங்கள். தண்டுகளை ஒரே திசையில் அடுக்கி வைத்தால் வெட்டுமுகம் அழகாக இருக்கும். காளான் என்றால் எண்ணெயில்லாமல் வதக்கி நீரை வற்றவைக்க வேண்டும். வெங்காயத்தாளைப் பூரணமாக வைக்காமல் பொடியாக நறுக்கி முட்டையிலேயே கலந்துவிடலாம். தக்காளி வேண்டாம். அது விடும் நீரில் சுருள் ஊறிப் பிரிந்துவிடும்.

டிபன் டப்பாவுக்கு என்றால் தாஷியைப் பாதியாகக் குறைத்து, நன்றாக வேகவைத்து, முழுக்க ஆறிய பிறகே மூடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி நீராகி உள்ளே சொட்டும், முட்டையும் சீக்கிரம் கெடும். மிஞ்சியதை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளே முடித்துவிடுங்கள். ஃபிரீசரில் வைத்தால் தண்ணீர் பிரிந்து பஞ்சாகிவிடும்.