மூடிவிட்டுக் குறிப்பெடுங்கள்

ஆய்வுக் கட்டுரைக்குக் குறிப்பெடுக்கும் மாணவர்களிடம், ஒரு பத்தியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு (கணினியென்றால் திரையை மறைத்துவிட்டு) இரண்டே வரியில் எழுதச் சொல்லுங்கள். பிறகு திறந்து பெயர், ஆண்டு, எண்களைச் சரிபார்க்கட்டும். மூலம் கண்ணெதிரே இருந்தால் 'அதிகரித்தது' என்பதைக் 'கூடியது' என்று மாற்றிவிட்டு, வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொள்வார்கள், அதுவும் காப்பிதான். மூடிவிட்டால் புரிந்தது மட்டுமே கைக்கு வரும். ஒன்றுமே எழுத வரவில்லையா? பத்தி புரியவில்லை என்று அர்த்தம், திரும்பப் படிக்கட்டும்.

தலைப்பு, ஆசிரியர், பக்க எண் மூன்றையும் மூடுவதற்கு முன்பே குறித்துவிட வேண்டும். பிறகு தேடி அலைவது பெரும்பாடு.

வரையறை, சட்டப் பிரிவு, கவிதை வரிகளுக்கு இது சரிப்படாது. அவற்றைச் சொல் பிசகாமல் எடுத்து மேற்கோள் குறிக்குள் போட வேண்டும்.